மூன்று ரிவால்வர், மூன்று டிரிக்கர்: ஆறு வருட அனுபவம்

எங்கள் சாளை (தோட்டத்து வீடு) பொங்கலூர் பக்கம். அடுத்த வீட்டுக்குப் போக அரை கிலோமீட்டர் வரப்பில் நடக்கணும். அதனால்தான் 2019-ல் உரிமம் வாங்கி, நம் நாட்டு ஆலை ஒன்றில் செய்த .32 ரிவால்வர் புதிதாக எடுத்தேன். இரண்டு வருடம் கழித்து, அய்யனுக்கு (அப்பாவுக்கு) எழுபது தாண்டியதும், அப்பாரு (தாத்தா) காலத்து வெப்ளி அண்ட் ஸ்காட் மார்க் 4 என் பேருக்கு மாறியது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். எனவே மூன்றாவது என்னுடையதல்ல. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமாவின் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 31 அது. மாதம் ஒருமுறை சுடும் பயிற்சி ரேஞ்சில் அவர் பக்கத்தில் நிற்க, அதிலும் சுடுகிறேன்.

மூன்றும் ஒரே .32 லாங் தோட்டாதான். குறி தவறுவதும் தவறாததும் தோட்டாவைவிட டிரிக்கரைப் பொறுத்தது என்பது எனக்கு இந்த ஆறு வருடத்தில் உறுதியாகிவிட்டது.

டபுள் ஆக்‌ஷனில் ஒரே விரல், டிரிக்கரை இழுத்தே, மூன்று வேலை செய்கிறது. தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹாமரைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டரை அடுத்த அறைக்குத் திருப்புகிறது, கடைசியில் ஹாமரை விடுவிக்கிறது. கட்டைவிரலால் ஹாமரை முதலிலேயே ஏற்றிவிட்டால் கடைசி வேலை மட்டுமே மிச்சம். அதுதான் சிங்கிள் ஆக்‌ஷன். டிரிக்கரை இழுக்கத் தேவையான எடையில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மடங்கு பக்கம் வரும்.

பெட்டிப் படுக்கை நிறுக்கும் டிஜிட்டல் தராசின் கொக்கியை டிரிக்கரின் நடுவில் மாட்டி, காலித் துப்பாக்கியில் பத்துப் பத்து முறை இழுத்துப் பார்த்தேன். புதியது வாங்கின வாரம் டபுளில் 6.2 கிலோ, சிங்கிளில் 2.3. வெப்ளி 5.6, 1.9. மாமாவுடையது 4.9, 1.5. என் புதிய துப்பாக்கியின் எடையோ முக்கால் கிலோ பக்கம்தான். முக்கால் கிலோ பொருளைக் கையில் நிறுத்திக்கொண்டு ஆறு கிலோ இழுத்தால் குழல் கீழே சாயாமல் என்ன செய்யும்? 2014-ல் கான்பூரில் வந்த நிர்பீக் ரிவால்வரின் எடை 500 கிராம்தான். அவ்வளவு லேசான ரிவால்வர் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தராசு பாதியைத்தான் சொல்லும். எனக்குத் தொழில் கோவை கணபதியில் டூல் ரூம், அதாவது டை செய்யும் பட்டறை. இருபது வருடமாக விரல் நுனியால் உருக்கைத் தடவிப் பார்த்துப் பழகியவன். புதியதை மெதுவாக இழுத்தபோது நடுவில் இரண்டு இடத்தில் மணல் நெரிவது போல ஒரு நறநறப்பு. விற்பனை, பழுது இரண்டுக்கும் உரிமம் உள்ள கடையில் பக்கத் தகடைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். ஹாமரின் இடது பக்கம் பத்துப் பைசா அளவுக்குப் பளபளவென்று ஒரு திட்டு. ஃபிரேமில் உரசி உரசி வந்தது. டிரிக்கரும் ஹாமரும் சேருகிற முகத்தில் கட்டர் ஓடின கோடுகள் சறுக்கும் திசைக்குக் குறுக்கே அப்படியே நின்றன. எங்கள் பட்டறையில் அந்த முகத்தோடு ஒரு டை (உலோக அச்சு) வெளியே போகாது. பாகத்தின் அளவு சரியாக இருந்தது, உருக்கும் நல்ல உருக்கு. கடைசி ஐந்து நிமிடக் கைவேலைதான் நடக்கவில்லை.

வெப்ளியில் அந்தக் கைவேலை தெரிகிறது. பர்மிங்காமில் யாரோ ஒரு ஃபிட்டர் எண்ணெய்க்கல்லில் தேய்த்த முகங்கள் அவை. ஒரே ஒரு வி வடிவ ஸ்பிரிங். அதன் ஒரு கை ஹாமரைத் தள்ளும், மறு கை டிரிக்கரைத் திருப்பி முன்னுக்குக் கொண்டுவரும். எடை அதிகம்தான், ஆனால் கிணற்றில் வாளி இறைப்பது போல முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீர். அந்தச் சீர் இருந்தால் அரைக் கிலோ கூடுதல் எடை எனக்குப் பொருட்டே இல்லை.

மாடல் 31 வேறு ரகம். சிலிண்டர் பூட்டிக்கொள்ளும்போது விரலுக்குள்ளேயே ஒரு 'டிக்' கேட்கும். அப்புறம் ஒரு நூலிழை தூரம், ஹாமர் விழுந்துவிடும். பழகியவர்கள் அந்த 'டிக்'கில் ஒரு நொடி நிறுத்திக் குறியைச் சரிசெய்துகொள்வார்கள். எனக்கு அந்த நிறுத்தல் பிடிக்காது. நின்றால் கை நடுங்குகிறது, ஒரே இழுப்பில் போவதுதான் எனக்கு ஒத்துவருகிறது. இதில் நான் அதிகம் மதிப்பது டிரிக்கர் திரும்புகிற விதத்தை. உள்ளே தனியாக ஒரு சறுக்குக் கட்டையும் சுருள் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. விரலைத் தளர்த்தினதும் டிரிக்கர் பின்னாலேயே வந்து விரலைத் தொடும். என் புதியதில் திரும்புவது மந்தம். அவசரத்தில் முழுக்க விடாமல் அடுத்த இழுப்பு இழுத்தால் பாதியில் சிக்கும். எடையைவிடப் பெரிய குறை இதுதான். வீட்டுக் காவலுக்கு வைத்திருக்கும் பொருளில் இது சிறிய விஷயமே இல்லை.

ஆறு வருடத்தில் என்ன மாறியது? வெடிக்காத டம்மி தோட்டா போட்டு தினமும் ராத்திரி முப்பது முறை இழுத்தேன். ஏறத்தாழ இரண்டு வருடத்தில் நறநறப்பு ஒன்று போய்விட்டது. இன்னொன்று மங்கலாக இருக்கிறது. டபுள் எடை இப்போது 5.4. சிங்கிளில் பெரிய மாற்றமில்லை. அது தேய்ந்து குறையவும் கூடாது. குறைந்தால் ஹாமர் தானாக விழும் ஆபத்து.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் இலேசாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஹாமர் அடி பலமிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். அதோடு, உரிமமில்லாத ஆள் துப்பாக்கியின் உள்ளே கை வைப்பது சட்டப்படியும் தவறு.

இன்னொன்று. 2024 தேர்தலுக்கு மார்ச்சில் என் இரண்டு துப்பாக்கிகளையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தபோது துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று கெட்டி கிரீஸ் அப்பிக் கொடுத்தேன். ஜூனில் வாங்கி டிரிக்கரை இழுத்து நிறுத்துப் பார்த்தால் இரண்டிலும் இழுப்பு எடை முக்கால் கிலோ ஏறியிருந்தது! உள்ளே கிரீஸ் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. இப்போது வெளியே மட்டும் கிரீஸ், உள்ளே தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். "ஏனுங்கண்ணா, எல்லாம் ஒரே ஆலைதானுங்களே" என்பார்கள். ஒரே ஆலையின் மூன்றை வரிசையாக வைத்து, காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டு, மெதுவாக, எண்ணிக்கொண்டே இழுங்கள். மாமாவின் மகனுக்காகப் போன மாசி மாதம் அப்படித்தான் பார்த்தோம். முதலாவதில் நறநறப்பு, இரண்டாவது திரும்ப மறுத்தது. மூன்றாவதன் எண்ணைத்தான் பில்லில் எழுதச் சொன்னோம்.