"மெல்லிசா தடவுங்க"ன்னா எவ்ளோ? மோமெட்டசோன் க்ரீமோட என் மூணு வருஷம்

போன வாரம் என் ஃப்ரெண்டு ஒருத்தி வாட்ஸப்ல அவ பொண்ணோட கன்னத்தை போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தா. வெள்ளை வெள்ளையா திட்டு. "நீ கைக்கு ஏதோ க்ரீம் போடுவியே, நல்லா கேக்குதுன்னு சொன்னியே, அது பேரு என்னடி, சாயங்காலம் மெடிக்கல்ல வாங்கிக்கறேன்"னு கேட்டா. நான் பேரு சொல்லல. ரெண்டு நாள் அவ பேசவே இல்ல. சரி, ஏன் சொல்லலன்னு முழுசா எழுதிடலாம், இன்னும் நாலு பேர் படிச்சாலும் நல்லதுதான்னு உக்காந்தேன்.

நான் யூஸ் பண்றது மோமெட்டசோன் ஃபியூரோயேட் 0.1%, தோல்ல வர்ற அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கற ஸ்டீராய்டு க்ரீம், 15 கிராம் ட்யூப். பிராண்டு பேரு இங்கயும் போட மாட்டேன். போட்டா அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு நேரா கடைக்குத்தான் போவாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஈரோட்டுல வீட்லயே பூண்டு ஊறுகாய், தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் ஆர்டருக்கு செஞ்சு குடுக்கறேங்க. வாரத்துக்கு நாலஞ்சு கிலோ பூண்டு உரிக்கணும். 2021 கடைசில இடது கை விரல் நுனி எல்லாம் காஞ்சு, வெடிச்சு, அப்பறம் ரத்தம் வர ஆரம்பிச்சுது. எலுமிச்சை புழிஞ்சா உயிர் போகும். பாத்திர சோப்புதான் காரணம்னு மூணு சோப்பு மாத்தினேன். பாட்டி பாத்துட்டு "இது கரப்பான்டி"ன்னு சொல்லி கத்திரிக்காயும் கருவாடும் நிறுத்தச் சொன்னாங்க, குப்பைமேனி அரைச்சுப் போட்டாங்க, எரிஞ்சுது, அவ்வளவுதான். ஒரு வருஷம் இப்படியே ஓடிப்போச்சு.

அப்பறமாத்தான் தோல் டாக்டர்கிட்ட போனேன். அவர் கையைப் புடிச்சுக்கூட பாக்கல, மேசை மேல வைக்கச் சொல்லி தூரத்துல இருந்து பாத்துட்டு "பூண்டு நெறைய உரிப்பீங்களாம்மா"ன்னு கேட்டார். எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. வலது கைல கத்தி புடிப்போம், இடது கை கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இந்த மூணுலதான் பூண்டை புடிச்சிருப்போம், அந்த மூணு நுனில மட்டும் முதல்ல ஆரம்பிச்சா பூண்டாத்தான் இருக்கும்னு சொன்னார். அப்பறம் முதுகுல ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி ரெண்டு நாள் கழிச்சு எடுத்து, அதுக்கும் ரெண்டு நாள் கழிச்சு திரும்பப் பாத்து, பூண்டு அலர்ஜிதான்னு உறுதி பண்ணாங்க. சாதா கையுறை போட்டாலும் பூண்டுல இருக்கற அந்தப் பொருள் ஊடுருவி உள்ள வந்துடுமாம், அதனால உரிக்கறதையே நிறுத்தணும்னு சொல்லிட்டார். இப்ப உரிக்கறதுக்குன்னு ஆள் வச்சிருக்கேன்.

அன்னிக்கு எழுதிக் குடுத்ததுதான் இந்த க்ரீம். ராத்திரி ஒரு தடவை மட்டும், மூணு வாரம், அப்பறம் வந்து காட்டுங்க. பகல்ல மாய்ஸ்சரைசர். எழுந்திரிக்கும்போது கடைசியா ஒரு வார்த்தை சொன்னார். "மெல்லிசா தடவுங்கம்மா."

இந்த ஒரு வார்த்தை மேலதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கோவம். க்ரீம் மேல இல்ல. அட்டைல பாத்தா "மருத்துவர் சொன்னபடி". உள்ள மடிச்சு வச்சிருக்கற பேப்பர்ல எறும்பு சைஸ் எழுத்துல இங்கிலீஷ்ல "மெல்லிய படலமா"ன்னு போட்டிருக்கு. கடைக்காரர்கிட்ட கேட்டேன், "கொஞ்சமா வைங்கக்கா". தோசைக்கு எண்ணெய் மெல்லிசா ஊத்துன்னு சொன்னா எங்க வீட்லயே மூணு பேரு மூணு அளவு ஊத்துவோம். மருந்துல அப்படி இருக்கலாமா? மாத்திரைன்னா ஒண்ணு, அரை. சிரப்புன்னா 5 மில்லின்னு மூடிலயே கோடு போட்டுத் தர்றாங்க. தோலுக்குப் போடற ஸ்டீராய்டுக்கு மட்டும் "மெல்லிசா", "கொஞ்சமா".

வீட்டுக்காரர் வேற அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல படிச்சுட்டு "இது ஸ்டீராய்டாம், தோலு பேப்பர் மாதிரி ஆயிடுமாம்"னு சொல்லிட்டார். எனக்கு பயம் புடிச்சுக்கிச்சு. கடுகளவு எடுத்து மொத்த கைக்கும் தேச்சேன், தேச்சேன்னு கூட சொல்லக்கூடாது, காட்டினேன். அதுக்குள்ள நுனில இருந்தது உள்ளங்கை, புறங்கைன்னு பரவிடுச்சு. மூணு வாரத்துல போய் காட்டணும்னு சொன்னாரே, ஆர்டர் இருந்துச்சு, போகல. கொஞ்சம் கொறையும், திரும்ப வெடிக்கும், திரும்ப ஒரு கடுகு. அஞ்சு மாசம் இதே கதை. கடைசில போனப்ப டாக்டர் ட்யூப்பை வாங்கி அமுக்கிப் பாத்துட்டு "இன்னும் பாதிக்கு மேல இருக்கேம்மா, அப்ப மருந்தே போடலையே நீங்க"ன்னு சொன்னார். அப்ப அழுகையே வந்துடுச்சு, ஏன்னா நான் ஒரு ராத்திரி கூட விடாம போட்டிருந்தேன்.

அன்னிக்குத்தான் அளவு சொல்லிக் குடுத்தார். பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனில இருந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் ட்யூப்பை அமுக்கி ஒரு கோடா இழுக்கணும். அதுதான் ஒரு விரல்நுனி அளவு. கிட்டத்தட்ட அரை கிராம். விரலைச் சேத்து வச்ச ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியா வரும். அதாவது ஒரு கைக்கு முன்னும் பின்னும் ஒரு அளவு. இதே கணக்குல ஒரு பாதத்துக்கு 2, தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் 3, ஒரு காலுக்கு 6. ட்யூப் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தா இந்தக் கணக்கு, வாய் சின்னதா இருந்தா கோடு மெலிஞ்சு கம்மியா வரும், அதையும் பாத்துக்கணும்.

இந்த முறையை 1991-லயே வேல்ஸ்ல கார்டிஃப்ல ரெண்டு டாக்டர்ங்க அளந்து எழுதிட்டாங்களாம். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு! விரல் எல்லாருக்கும் இருக்கு, தனியா கரண்டி கூட வேண்டாம், அட்டைல ஒரு விரல் படம் போட எவ்ளோ எடம் ஆகப்போகுது? அட்டை முழுக்க பளபளன்னு பூ டிசைன் போட எடம் இருக்கே.

கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு கைக்கு ராத்திரிக்கு அரை கிராம்னா 21 ராத்திரிக்கு பத்தரை கிராம். 15 கிராம் ட்யூப்ல முக்காவாசி மூணே வாரத்துல தீந்திருக்கணும். நான் அதை அஞ்சு மாசம் வச்சிருந்தேன். சரியான அளவுல போட ஆரம்பிச்சு பத்தாவது நாள் வெடிப்பு மூடிடுச்சு, மூணாவது வாரம் எலுமிச்சை புழிஞ்சு பாத்தேன், எரியல. ஊறுகாய் ஜாடிக்குள்ள கையை விட்டு கிளறி எவ்ளோ நாள் ஆச்சுன்னு (கரண்டிலதான் கிளறணும், அது தெரியும், ஆனா அன்னிக்கு மட்டும்) அப்படி ஒரு சந்தோஷம். அப்பறம் டாக்டர் சொன்னபடி வாரத்துல சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி மட்டும், அதையும் நாலு மாசத்துல நிறுத்தச் சொல்லிட்டார். இப்ப திரும்ப வந்தா மட்டும் அவர்கிட்ட காட்டிட்டு போடறேன். மூணு வருஷத்துல மொத்தம் ஆறு ட்யூப். தோல் மெலியல, அவரே ஒவ்வொரு தடவையும் பாக்கறார்.

அதனால க்ரீமைக் குறை சொல்ல மாட்டேன். நாத்தம் இல்ல, பிசுபிசுப்பு இல்ல, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். போடறதுக்கு முன்னாடி கையைக் கழுவி நல்லா ஒத்தி எடுத்துக்கறேன். மாய்ஸ்சரைசருக்கும் இதுக்கும் நடுவுல அரை மணி நேரம் விடறேன், ஒண்ணு மேல ஒண்ணா பூசினா மருந்து நீத்துப் போய் தேவையில்லாத எடத்துக்கும் பரவும். தடவின விரல் வலது கைல இருக்கறதால அதை மட்டும் சோப்பு போட்டுக் கழுவிடறேன். முதல்ல கழுவ மாட்டேன், ஒரு தடவை தூக்கத்துல கண்ணைக் கசக்கிட்டேன்னு சொன்னதும் டாக்டர் சத்தம் போட்டார். இமைல தொடர்ந்து பட்டுட்டே இருந்தா கண்ல பிரஷர் ஏறும், புரை கூட வரலாமாம். மேல துணி சுத்தறது, கையுறை போடறது எல்லாம் அவர் சொன்னா மட்டும், மூடினா மருந்து அதிகமா உள்ள எறங்கும். இன்னொண்ணு, வாஸ்லின் மாதிரி பாரஃபின் பூசின கையோட துணிக் கையுறை போட்டுட்டு அடுப்புக்கிட்ட போகவே கூடாது. பாரஃபின் ஊறின துணி சட்டுனு புடிச்சுக்கும். எங்களை மாதிரி நாள் முழுக்க கேஸ் முன்னாடி நிக்கறவங்க இதை மறந்தே போகக்கூடாது.

25 டிகிரிக்குக் கீழ வைக்கணும்னு என் ட்யூப்ல போட்டிருக்கு, ஏப்ரல்ல ஈரோட்டுல 38, 39 அடிக்கும், சமையக்கட்டு ஜன்னல் மேல வச்ச ட்யூப்ல மூடியைத் திறந்ததும் எண்ணெய் தனியா வந்துச்சு, அதைத் தூக்கிப் போட்டேன். எக்ஸ்பைரி தேதியை ட்யூப்போட அடி மடிப்புல அச்சு குத்தி வச்சிருக்காங்க, அடில இருந்து சுருட்டிட்டே வந்தா முதல் வாரமே தேதி உள்ள போயிடும், அதனால வாங்கின அன்னிக்கே மூடி மேல பேனால எழுதிடறேன்.

இப்ப அத்தை விஷயம். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அத்தைக்கு இடுப்புல உள்பாவாடை நாடா கட்டற எடத்துல வட்டமா படை வந்திருந்துச்சு. என்கிட்ட சொல்லக் கூச்சம். பீரோ மேல இருந்த என் ட்யூப்பை எடுத்துப் போட்டிருக்காங்க. நாலு நாள்ல அரிப்பு நின்னுடுச்சு, செவப்பு கொறஞ்சுடுச்சு, "நல்ல மருந்து"ன்னு தெனமும் போட்டிருக்காங்க. ஒண்ணரை மாசம் கழிச்சு எனக்குத் தெரிஞ்சப்ப தொடை வரைக்கும் எறங்கியிருந்துச்சு, வட்டமே இல்ல, ஓரமே தெரியல, பாத்தா படர்தாமரைன்னே சொல்ல முடியாது. அது பூஞ்சை. ஸ்டீராய்டு அரிப்பையும் வீக்கத்தையும் மட்டும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது, எதிர்க்கற சக்தியை அமுக்கி அதுக்கு வழி விட்டுடும். டாக்டர் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்து உறுதி பண்ணி, மாத்திரையும் களிம்புமா ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு சரியாக. என் கைக்கு வரம் மாதிரி வந்த அதே ட்யூப்தான். பூட்டி வைக்காதது என் தப்பு. இப்ப எவர்சில்வர் டப்பால போட்டு என் பேரு எழுதி வச்சிருக்கேன்.

அப்பறம் அந்த எழுத்து. நம்ம ஊர்ல ஒரே பேருக்குப் பின்னாடி ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து சேத்து வேற வேற மருந்து விப்பாங்க. ஒண்ணுல சாலிசிலிக் ஆசிட், ஒண்ணுல ஆன்டிபயாடிக், ஒண்ணுல ஆன்டிஃபங்கலும் சேத்து. தம்பியை அனுப்பி வாங்கினப்ப "அது ஸ்டாக் இல்ல, இது இன்னும் பவரு"ன்னு கடைல மூணு மருந்து கலந்ததைக் குடுத்து விட்டுட்டாங்க. சீட்டு கூட கேக்கல. 2018-லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீமுங்களை ஷெட்யூல் எச்-ல சேத்து சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு சொல்லியாச்சு, ட்யூப்லயே ஆர்எக்ஸ்னு போட்டு எச்சரிக்கை அடிச்சிருக்கு, ஆனா சோப்பு வாங்கற மாதிரி வாங்கிட்டு வரலாம். இப்ப பேரைப் பாக்கறதே இல்ல, கீழ சின்ன எழுத்துல இருக்கற மருந்து பேரையும் சதவீதத்தையும் படிச்சுட்டுத்தான் காசு குடுக்கறேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.

ஃப்ரெண்டுக்கு பேரு சொல்லாததுக்குக் காரணம் இதெல்லாம் சேத்துதான். என் உள்ளங்கைத் தோலு வேற, அவ பொண்ணு கன்னம் வேற. 1967-ல ஹைட்ரோகார்டிசோனை வச்சு அளந்து பாத்திருக்காங்க, முன்கைத் தோலு ஒரு பங்கு உறிஞ்சினா நெத்தி 6 பங்கு, தாடை 13 பங்கு உறிஞ்சுமாம், உள்ளங்கை முன்கையை விடக் கம்மி. அதுவும் பெரியவங்களுக்கு. ஏழு வயசுக் குழந்தை கன்னத்துல என் க்ரீமைப் போட்டா என்ன ஆகும்? வெள்ளைத் திட்டு எதனால வந்துச்சுன்னே தெரியாது, அது பூஞ்சையா இருந்தா அத்தை கதைதான், இல்லன்னாலும் ஸ்டீராய்டே நெறத்தை இன்னும் வெளுக்க வைக்கும். பெரியவங்க எத்தனை பேரு செவப்பாகறதுக்குன்னு இதைப் பூசி, முகத்துல ரத்த நாளம் தெரிய, பரு பரவி, நிறுத்தினா எரிச்சல் தாங்காம திரும்ப அதையே பூசிட்டு இருக்காங்க.

ரேட்டிங் கேட்டா 5-க்கு 2 தான் குடுப்பேன். என் கையைத் திருப்பிக் குடுத்த மருந்துக்கு இது கம்மின்னு தெரியும், வேற ஒரு நாள் கேட்டிருந்தா நாலு கூட குடுத்திருப்பேன். இன்னிக்கு மனசு வரல. அஞ்சு மாசம் ரத்தக் கையோட தெனமும் கடுகு கடுகா வச்சு, நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியாம அழுததுக்கு ஒரு கோடு படம் போட்டிருந்தா போதும்.

நேத்து அவ ஃபோன் பண்ணிட்டா. பொண்ணை வர்ற சனிக்கிழமை அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா, டோக்கன் போட்டாச்சு, நானும் கூடப் போறேன். எந்த மருந்து எழுதினாலும் சரி, எந்த எடத்துக்கு, எத்தனை நாளைக்கு, என்னிக்கு நிறுத்தணும்னு மூணையும் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கேன். "மெல்லிசா"ன்னு அவர் ஆரம்பிச்சா விரலை நீட்டி, இதுல எவ்ளோ தூரம்னு கோடு போட்டுக் காட்டுங்க டாக்டர்னு நானே கேட்டுடுவேன்.