32 மணி நேர டியூட்டியா, நைட் டீமா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "பி.ஜி.க்களுக்கு நைட் டீம் போட்டீங்களாமே, எங்களுக்குச் சரிப்படுங்களா?" பி.ஜி. என்றால் மேல்படிப்புப் படித்துக்கொண்டே வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். கோவையில் பொது மருத்துவத்தில் ஒரு யூனிட் என் பொறுப்பில் இருக்கிறது. பழைய முறையில் பதினெட்டு வருடம் ஓட்டினேன், புதிய முறைக்கு ஒன்பது மாதம் ஆகிறது. என் ஓட்டு புதியதற்குத்தான்.

பழையது எல்லோருக்கும் தெரியும். அட்மிஷன் நாள், அதாவது புது நோயாளிகளை யூனிட் சேர்த்துக்கொள்ளும் நாள், காலை 8 மணிக்கு வரும் பி.ஜி. மறுநாள் மாலை 4 மணிக்குத்தான் கிளம்புவார். வாரத்தில் இரண்டு அட்மிஷன் விழுந்தால் மொத்தம் 90 மணியைத் தொடும். நைட் டீம் என்றால், துறை முழுவதற்கும் சேர்த்து சில பி.ஜி.க்கள் ஒரு வாரம் இரவு மட்டும் பார்ப்பார்கள். 8 முதல் 8 வரை, ஆறு இரவு, 72 மணி. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் பரிந்துரைத்த 74 மணிக்குள் அடங்கிவிடுகிறது. மத்திய அரசு 1992-லேயே வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது; அதை நடைமுறையில் வைத்திருந்த வார்டு எதையும் நான் பார்த்ததில்லை. ஆணையத்தின் 2023 மேல்படிப்பு விதிமுறையில் 'நியாயமான வேலை நேரம்' என்று இருக்கிறது. நியாயம் எத்தனை மணிக்கு முடியும் என்று போடவில்லை.

தூக்கமில்லாமல் மருந்து எழுதினால் தப்பு வரும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பி.ஜி. காலத்தில் டியூட்டி முடிந்து வரும்போது அவினாசி ரோட்டில் பைக்கிலேயே கண்ணசந்து மீடியனை உரசியவன் நான்.

பி.ஜி.யின் நேரத்தைக் குறைத்தால் அந்த வேலை எங்கே போகும்? மேலே வரும். முதல் இரண்டு மாதம் எங்கள் அசிஸ்டென்ட் புரபசர்கள் மத்தியானம் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி எழுதினார்கள். பொட்டாசியம் ரிப்போர்ட்டுக்காக நானே லேபுக்கு நடந்தேன். சாயங்கால ரவுண்ட்ஸில் ஒரு கேஸை அரை மணி நேரம் பேசுகிற வழக்கம் போயே போய்விட்டது. கேஸைப் பார்த்தவர் ஒருவர், எதிரில் நிற்பவர் இன்னொருவர். பழைய முறையின் பெரிய பலம் இதுதான். காய்ச்சலோடு வந்தவர் 24 மணி நேரத்தில் எப்படி மாறுகிறார் என்பதை ஒரே ஆள் கூட இருந்து பார்ப்பார். அதை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனாலும் ஆசிரியர்களின் கருத்தை, என்னுடையது உட்பட, கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2003-ல் வாரம் 80 மணி என்று வரம்பு வந்தது. அப்புறம் 63 பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீண்ட ஷிப்டுகளை அனுமதித்துப் பார்த்தார்கள். அந்தப் பாதியில் பயிற்சித் தலைவர்களுக்குத் திருப்தி கூடுதல். முதலாண்டு பயிற்சி மருத்துவர்களுக்கோ குறைவு. நமக்கு வசதியாக இருப்பதை அவர்களுக்கு நல்லது என்று சொல்லிவிடுகிறோமோ?

சரி, எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒப்படைப்பு: டியூட்டி முடிந்து போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லிவிட்டுப் போவது. புதிய முறை நிற்பதும் விழுவதும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும்தான்.

மூன்றாவது மாதம், பல்லடம் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கும் பையன் ஒருவனை இரவில் கொண்டுவந்தார்கள். தறிக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தவன். வயிற்று வலி, இமை லேசாகச் சரிவு, கடித்த தடம் எதுவும் இல்லை. நைட் பி.ஜி. கட்டுவிரியன் என்று சரியாகப் பிடித்து விஷமுறி மருந்து ஏற்றினார். மூச்சுத் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி 30 வரை எண்ண வைத்தார். அந்த 30-ஐ எழுதவில்லை. காலையில் "ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பகல் பி.ஜி. எண்ணச் சொன்னபோது 19. ராத்திரி முழுக்கத் தூங்காத பையன், சோர்வாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். நைட் பி.ஜி.யைக் கூப்பிட்டால் போன் ஆஃப். டியூட்டி முடிந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான். பையனின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "ராத்திரி பாத்த தம்பி எங்கீங்க? அவருகிட்டத்தான் எல்லாஞ் சொன்னனுங்க. எண்ணச் சொன்னப்போ முப்பது வரைக்கும் எண்ணுனானுங்க." மூச்சுத் தசை தளர்கிறது என்பது அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. வென்டிலேட்டரில் போட்டோம், பிழைத்துக்கொண்டான்.

பழைய முறையில் 30-உம் 19-உம் ஒரே தலைக்குள் இருந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு ஒப்படைப்பிலும் யூனிட் சீஃபோ அசிஸ்டென்டோ நின்றே ஆக வேண்டும் என்றாக்கினேன். 'ஸ்டேபிள்' என்ற சொல்லுக்குத் தடை. எண் சொல்ல வேண்டும், எந்த எண் மாறினால் பயப்பட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒப்படைப்பை இப்படி ஒழுங்குபடுத்தியதும் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. எங்களுக்கு அப்படிக் கணக்குக் கிடையாது. ஆனால் சாயங்கால ரவுண்ட்ஸில் போன அரை மணிப் பேச்சு இங்கே இருபது நிமிடமாகத் திரும்பிவிட்டது. விலை என்னவென்றால், வாரத்தில் இரண்டு நாள் நான் வீட்டில் சாப்பிட உட்காரும்போது ஒன்பதரை.

அறுவைச் சிகிச்சைத் துறைக்கு இது பொருந்துமா என்று என்னைக் கேட்காதீர்கள். பாதி ஆபரேஷனில் ஷிப்ட் முடிந்தால் என்ன செய்வது என்பது அவர்கள் பாடு. இந்த முறையில் படித்த பேட்ச் இன்னும் பரீட்சை எழுதவில்லை.

நண்பரிடம் கேட்க மறந்தது ஒன்று: உங்கள் துறையில் மொத்தம் எத்தனை பி.ஜி.? எங்களுக்கு 18. பத்துக்குக் கீழே என்றால் இரவுக்கு ஆள் ஒதுக்கிய பிறகு ஓ.பி.யில் நீங்களே டோக்கன் கூப்பிட வேண்டி வரும். அப்படியானால் பழைய முறையே இருக்கட்டும், மறுநாள் பகல் 12 மணிக்கு மட்டும் கட்டாயம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் இப்போதுள்ள உச்சமும் அதுதான்: 24 மணி நேர வேலை, ஒப்படைக்க 4 மணி நேரம்.