சிறுநீரகத் தொற்றுக்குச் சீன மூலிகை: டெல்டா மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள். சிறுநீரகத் தொற்றையும் கல்லையும் சீன மூலிகையால் வேரோடு தீர்ப்பதாக நோட்டீஸ் அடித்த ஒரு மையத்தில் என் அக்கா 18,000 ரூபாய் கட்டினார். பணத்தை விடுங்கள். “இங்கிலீஷ் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்” என்று அங்கே சொன்னார்களே, அதுதான் அக்காவை எமன் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தியது.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. நடவுக்குப் போகிறவர். வயலில் இறங்கிவிட்டால் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் சிறுநீரை அடக்குவதும், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பழகிப்போன கொடுமை. நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். இந்த முறை கடுப்போடு நிற்கவில்லை. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் கை வைக்க முடியாத வலி, வாந்தி. உள்ளூர் டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, சிறுநீர்ப்பையில் இருந்த கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார். ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து, காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரை வரை சாப்பிடச் சொன்னார். காய்ச்சல் தணியத் தொடங்கிய நேரத்தில்தான் அந்த நோட்டீஸ் அக்காவின் கைக்கு வந்தது.

மையத்தில் நாக்கை நீட்டச் சொன்னார்கள், நாடி பார்த்தார்கள். “உங்கள் சிறுநீரகம் குளிர்ந்துபோயிருக்கிறதம்மா, அந்த மாத்திரை இன்னும் குளிர வைக்கும்” என்றார்கள். சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் புட்டி, உள்ளே மிளகளவு கறுப்பு உருண்டைகள். புட்டியைச் சுற்றிச் சீன எழுத்து. அதன் மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் ‘காலை 8, இரவு 8’ என்று பேனாவால் எழுதியிருந்தது. ரசீதில் மருந்தின் பெயரே கிடையாது. ‘உடல்நலத் திட்டம், 3 மாதம்’, அவ்வளவுதான்.

காய்ச்சல் திரும்பியது. தொலைபேசியில் கேட்டதற்கு, “நச்சு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்” என்றார்கள். சர்க்கரை நோயாளி நடுங்கிக்கொண்டு கிடக்கும்போது இப்படிச் சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? அக்கா பிதற்றத் தொடங்கியதும் 108-ஐ அழைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். தொற்று ரத்தத்தில் கலந்து ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கல் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஈ.கோலை வளர்ந்தது. சிறுநீரகத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது குடலில் வாழும் இந்தக் கிருமிதான். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை குட்டை என்பதால் எளிதாக மேலே ஏறிவிடுகிறது.

டாக்டர் அந்தப் புட்டியை வாங்கி வெள்ளைத் தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இதில் என்ன சேர்த்திருக்கிறார்கள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களில் யாரால் பதில் சொல்ல முடியும்?

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள செடிகள் சில சீன மருந்துகளில் நெடுங்காலம் சேர்ந்துவந்தன. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் அப்படிப்பட்ட செடி ஒன்று மாறிக் கலந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நீர்க்கடுப்புக்கான பழைய சீனக் கலவைகளில் சேர்ந்துவந்த குவான் மு தொங் என்ற கொடியும் அதே இனம். 2003-இல் சீன அரசே அதை விலக்கியது. நம் வயலோரம் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் இந்தக் குடும்பம்தான். இந்த அமிலம் சிறுநீரகத்தில் செய்யும் சேதத்தைச் சரிசெய்ய முடியாது.

சீன வைத்தியத்தையே நான் திட்டவில்லை. சீனாவின் மருத்துவமனைகளிலேயே சிறுநீரகத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். மூலிகை கொடுத்தாலும் அதோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொன்னது இந்த மையத்தின் வியாபாரம்.

அக்கா பிழைத்துவிட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவு இன்னும் முழுதாக இறங்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பத்தியம் தவறியது எங்கள் குற்றம் என்றார்கள். எந்தப் பத்தியமும் அவர்கள் சொல்லவே இல்லை.

சித்தா, ஆயுர்வேத மருந்தாக இருந்தாலும் புட்டியில் சேர்மானம், உரிம எண், தயாரித்தவர் முகவரி இருந்தாக வேண்டும். சீன மருத்துவம் நம் அரசு ஏற்றிருக்கும் ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம், யுனானி போன்ற) முறைகளில் இல்லவே இல்லை. சிறுநீரகக் கல்லைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடுப்புச் சட்டமே தடுக்கிறது. ஆகவே அந்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சாட்சிதான். ரசீது, புட்டி, மீதி உருண்டைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே போன்ற வெள்ளைத் தாள் ஒட்டிய புட்டி உங்கள் வீட்டில் இருந்தால் அந்த உருண்டைகளைச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். புட்டியோடு அரசு மருத்துவமனைக்குப் போய்க் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள்.