காந்திபுரம் ‘அரசியலில் ராணுவம்’ நோட்ஸ்: 180 ரூபாய்க்குத் தேறுமா?

யு.பி.எஸ்.சி.க்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு நோட்ஸ், கோவை காந்திபுரம் ஜெராக்ஸ் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்பைரல் போட்டு 180 ரூபாய். பாகிஸ்தான், மியான்மர், தாய்லாந்து, துருக்கி, இந்தோனேசியா என ஐந்து நாடுகள், கடைசியில் இந்தியாவுக்கு இரண்டே பக்கம். தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

பாகிஸ்தான் பகுதி ஒன்றுக்காகவே வாங்கலாம். 1958, 1977, 1999 என்று ஆட்சிக் கவிழ்ப்புகளை வரிசை போடுவதோடு மற்ற நோட்ஸ்கள் நின்றுவிடும். இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதும் இருக்கிறது. வெற்றி பெற்ற புரட்சியே சட்டத்துக்கு மூலம் என்று 1958-ல் தோசோ வழக்கில் சொன்னார்கள். 1977-ல் நுஸ்ரத் புட்டோ வழக்கில் ‘அவசியக் கோட்பாடு’ என்றார்கள், அதாவது நாட்டைக் காக்க வேறு வழியில்லாதபோது சட்டத்தை மீறியதும் செல்லும் என்று. 2000-ல் ஜாபர் அலி ஷா வழக்கில், 1999-ல் ஆட்சியைப் பிடித்த முஷாரப்புக்கு மூன்றாண்டு அவகாசமும், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரமும் கொடுத்தார்கள். துப்பாக்கியால் பிடித்த நாற்காலிக்குப் பட்டா கிடைத்தது கோர்ட்டில்தான் என்பதை இவ்வளவு தெளிவாகத் தமிழ் நோட்ஸில் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் 1972-ன் அஸ்மா ஜிலானி தீர்ப்பை விட்டுவிட்டார்கள். தோசோவைத் தள்ளுபடி செய்து, ராணுவ ஆட்சியாளர் யாஹியா கானை அதிகாரத்தை அபகரித்தவர் என்று அறிவித்த தீர்ப்பு அது. அவர் பதவியை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தத் தைரியம் வந்தது. ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

பாகிஸ்தான் அரசமைப்பின் 58(2)(b) பிரிவுக்குப் போட்ட அட்டவணை பிரமாதம். பிரதமரை வீட்டுக்கு அனுப்ப ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்த அந்தப் பிரிவு 1985-ல் வந்தது, 1997-ல் போனது, 2003-ல் திரும்ப வந்தது, 2010-ல் மறுபடியும் நீக்கப்பட்டது. அதை வைத்து 1988-ல் ஜுனேஜோ, 1990-ல் பேநசீர், 1993-ல் நவாஸ், 1996-ல் மீண்டும் பேநசீர் என்று நான்கு அரசுகள் கலைந்தன. டாங்கி எதுவும் தெருவுக்கு வரவில்லை. கவிழ்ப்புகளை மட்டும் எண்ணி விடை எழுதுகிறவர்கள் இந்த ஒன்பது ஆண்டுகளை முழுசாகக் கோட்டை விடுவார்கள்.

மியான்மர் பக்கத்தில்தான் கணக்கு உதைக்கிறது. 2008 அரசமைப்பைத் திருத்த 498 ஓட்டு போதும் என்று போட்டிருக்கிறார்கள். தப்பு. இரு அவைகளிலும் சேர்த்து 664 இடம், ராணுவத்துக்கு 166. மீதி 498 என்பது சரியாக 75 சதவீதம். சட்டம் கேட்பது 75 சதவீதத்தைத் தாண்டிய ஓட்டு, அதாவது 499. தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரும் ஒரே பக்கம் கை தூக்கினாலும் ஒரு ராணுவ உறுப்பினர் இறங்கி வராமல் முக்கியமான எந்தப் பிரிவையும் தொட முடியாது. 2020 நவம்பரில் சூச்சியின் கட்சி 396 இடம் பிடித்தும் இந்தப் பூட்டு அப்படியேதான் இருந்தது. அந்தச் சபை கூடவேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்றே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நோட்ஸில் பேனாவால் 499 என்று திருத்திவிட்டுத்தான் மேலே படிக்கவேண்டும்.

தாய்லாந்துக்கு வெறும் ஒன்றரைப் பக்கம். 2017 அரசமைப்பின்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு, ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களும் பிரதமர் தேர்வில் ஓட்டுப் போடலாம் என்று இருந்தது, 2024-ல் அது முடிந்தது. கீழவையின் 500 பேரையும் சேர்த்து மொத்தம் 750, தேவை 376. செனட்டர்கள் மொத்தமாகப் பக்கம் நின்றால் ராணுவத்தின் ஆளுக்குக் கீழவையில் 126 பேர் போதும், எதிராளிக்கு 500-ல் 376 பேர் வேண்டும் என்ற நிலை. இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் போதும், மீதி எழுதிய வரலாறு தேவையில்லை. 2023 ஜூலையில் பிரதமர் தேர்வில் நின்ற எதிரணித் தலைவர் பீட்டாவுக்குக் கிடைத்தது 324. ஒரு செனட்டர் விலகியிருந்ததால் அன்றைய தேவை 375. நோட்ஸ் ‘376’ என்கிறது. தேர்வில் யாரும் இதற்காக மார்க் குறைக்கமாட்டார்கள், இருந்தாலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

துருக்கி வெறும் தேதிப் பட்டியல். இந்தோனேசியாவில் ராணுவத்துக்கு நாடாளுமன்றத்தில் ஒதுக்கிய இடங்கள் 2004-ல் ஒழிந்ததைச் சொல்கிறது, அது போதும்.

இந்தியா பகுதி ஏமாற்றம். ராணுவம் ஒதுங்கி நிற்பதற்குக் ‘கட்டுப்பாடு’ என்ற ஒரே காரணம்தான். படைகளின் தலைமை ஜனாதிபதியிடம் என்னும் 53-வது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தரும் 33-வது பிரிவு, அரசியல் அமைப்பில் சேருவதையும் பத்திரிகைக்குப் பேசுவதையும் கட்டுப்படுத்தும் 1950 ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவு, மூன்றையும் காணோம். சூலூரில் விமானப்படைத் தளமும் மலைமேல் வெலிங்டனில் முப்படை ஸ்டாஃப் கல்லூரியும் இருக்கிற பக்கத்தில் அச்சான நோட்ஸ் இப்படி இருக்கலாமா?

காசு கொடுக்கும் முன் கடையிலேயே புரட்டிப் பாருங்கள். மியான்மர் பக்கத்து எழுத்து பல பிரதிகளில் வெளிறிக் கிடக்கிறது, அட்டவணையின் இடது ஓரப் பத்தி ஸ்பைரல் துளைக்குள் போய்விடுகிறது. “இடது ஓரம் ஒரு விரல் விட்டுப் போட்டுக் கொடுங்க” என்று சொன்னால் புதிதாக எடுத்துத் தருகிறார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்பதில்லை.