குவாட் 2, குவாட் 303: எது யாருக்கு?

பழைய ஆம்ப்ளிஃபையர் தேடும் தஞ்சை வட்டார இசை அன்பர்கள் தயங்கும் இடம், குவாட் நிறுவனத்தின் இவ்விரண்டு இங்கிலாந்துக் கருவிகளே.

ஒலி: 1953-இல் வந்த வால்வு (சூடாகி இயங்கும் கண்ணாடிக் குழல்) வகையான குவாட் 2-இல் நாகஸ்வரத்தின் குழைவும் அதன் ஊதும் நாக்கான சீவாளியின் அதிர்வும் இழைந்து வரும், 1967-இல் வந்த டிரான்சிஸ்டர் வகையான 303-இலோ, கூடு (விரலுறை) போட்ட விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் எழுப்பும் தாளச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

ஆற்றல்: முன்னதில் ஒரு பெட்டி ஒரு பக்கத்துக்கு மட்டுமே, 15 வாட், அதனால் ஸ்டீரியோவுக்கு இரண்டு பெட்டிகள் வேண்டும், பின்னதில் ஒரே பெட்டி, பக்கத்துக்கு 45 வாட்.

பராமரிப்பு: குவாட் 2-இன் வால்வுகள் தேயும், விலையும் அதிகம், சித்திரை வெயிலில் அதன் சூடு கூடத்தையே வாட்டும், 303-இல் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை (மின்தேக்கிகளை) ஒருமுறை மாற்றிவிட்டால் நெடுநாள் கவலையில்லை. இரண்டுக்கும் ஒலியளவையும் உள்ளீட்டையும் கட்டுப்படுத்தும் முன்பெருக்கியான ப்ரீஆம்ப் தனியே தேவை.

சிறிய அறையில் இரவில் அமர்ந்து வாய்ப்பாட்டு கேட்பவருக்குக் குவாட் 2 பொருந்தும். பெரிய கூடத்தில் நாள்தோறும் மங்கல இசை ஒலிக்க விரும்புபவருக்கு 303-ஐயே பரிந்துரைப்பேன்.