பழைய 1200டி, புது ஆர்50: ரெண்டையும் வைத்திருக்கிறவன் சொல்வது

அக்கா மகன் விஸ்காம் சேர்ந்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. "மாமா, செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் மலிவா வருது, வாங்கிடவா? இல்ல கொஞ்சம் பொறுத்து மிரர்லெஸ்ஸே எடுத்துடவா?" அவன் சொன்ன மாடல் கேனான் 1200டி. 2014-இல் வந்தது, என்னிடமும் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. போன வருடம் அதே கேனானில் ஆர்50 வாங்கினேன், அது 2023-இல் வந்த மிரர்லெஸ், அதாவது டிஎஸ்எல்ஆரின் உள்ளே இருக்கிற கண்ணாடி இல்லாத மாடல். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

முதலில் எல்லாரும் கேட்பது மெகாபிக்சல். 1200டி-யின் 18-க்கும் ஆர்50-இன் 24-க்கும் நல்ல வெளிச்சத்தில் வித்தியாசம் தேடினால் கண்தான் வலிக்கும். ஒரே 50 எம்எம் லென்ஸை ரெண்டிலும் மாட்டி, மொட்டைமாடிச் செம்பருத்தியைக் காலை ஏழு மணி வெயிலில் எடுத்து, ஏ4-இல் பிரிண்ட் போட்டு வீட்டில் காட்டினேன். "இது நல்லா இருக்கு" என்று மனைவி எடுத்தது பழைய கேமராவின் படம். அப்போது எனக்கு வந்த எரிச்சலைக் காசு கொடுத்து கேமரா வாங்கிய யாரும் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் இருட்டில் கதை வேறு. 1200டி-யில் இருப்பது 2009-இல் 7டி வந்த காலத்து 18 மெகாபிக்சல் வம்சத்தைச் சேர்ந்த சென்சார். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தருகிற கோப்பு) நிழல் பகுதியை ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, வெளிச்சமாக்கிப் பாருங்கள், கைத்தறித் துண்டில் இழை தெரிகிற மாதிரி கோடு கோடாக நாய்ஸ் வந்து நிற்கும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு) 1600 தாண்டினால் எனக்குத் தயக்கம், 3200-இல் குடும்ப வாட்ஸ்அப்புக்கு மட்டும்தான். ஆர்50-இல் 6400 வரை யோசிக்காமல் போகிறேன்.

இதைப் படித்ததும் "அப்போ புதுசுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆர்50-உடன் வரும் கிட் லென்ஸ் 18-45 எம்எம், அதன் எஃப் எண் 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது. இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். பழைய கேமராவோடு வந்த 18-55 லென்ஸே 3.5 முதல் 5.6 வரை. புது லென்ஸ் சின்னது, எடை குறைவு, அதற்கு விலையாக வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். கல்யாண மண்டபத்தில் 45-இல் எஃப் 6.3 வைத்து எடுப்பவனைவிட, 1200டி-யில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் மாட்டியவனுக்குக் கிட்டத்தட்ட 12 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அவன் ஐஎஸ்ஓ 800-இல் எடுக்கிற அதே ஷட்டர் வேகத்துக்கு இவன் 10,000-ஐ ஒட்டிப் போகவேண்டும். ஒன்பது வருடம் கழித்து வந்த கேமராவின் சென்சாராலும் அந்தப் பள்ளத்தை முழுக்கத் தூர்க்க முடியாது. காசு அளவாக இருந்தால் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா) பிறகு லென்ஸ் என்று யோசிக்காமல், லென்ஸுக்குப் பிறகு பாடி என்று யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியிருந்தும் நான் ஏன் ஆர்50 வாங்கினேன்? ஃபோகஸ். அது ஒன்றுக்காகத்தான்.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கிற துளை) பார்க்கும்போது, பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் பின்னால் போய், அங்கே இருக்கிற குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்கு இறங்குகிறது. படம் பதிவது ஒரு இடத்தில், ஃபோகஸ் பார்ப்பது வேறு இடத்தில். ரெண்டுக்கும் இடையே மயிரிழை விலகல் இருந்தால்கூட எஃப் 1.8-இல் மூக்கு ஷார்ப்பாகவும் கண் மங்கலாகவும் வரும். விலை கூடிய பாடிகளில் அதைத் திருத்திக்கொள்ள மெனு உண்டு, 1200டி-யில் கிடையாது. மொத்தம் 9 ஃபோகஸ் புள்ளிகள், அதுவும் படச்சட்டத்தின் நடுவில் கூடி நிற்கும், அதில் நம்பிக்கையானது நட்டநடுப் புள்ளி ஒன்றுதான். அதனால் இந்த கேமரா வைத்திருக்கிற என்னைப் போன்ற பலரும் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பிடித்து, அப்படியே நகர்த்திச் சட்டத்தைச் சரிசெய்து எடுப்போம். ஆள் அசையாமல் நின்றால் நடக்கும்.

என் பெண் அசையாமல் நிற்கிற ஆள் இல்லை. சிலம்பம் கற்றுக்கொள்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் சுற்றியபோது 1200டி-யில் நொடிக்கு 3 படம் என்று அடித்துத் தள்ளினேன், நூறில் பதினைந்து தேறியிருந்தால் அதிகம். பல படங்களில் பின்னால் இருந்த பேனரின் எழுத்து துல்லியமாக விழுந்திருந்தது, முன்னால் குழந்தை ஒரு புகைமூட்டம். ஆர்50-இல் ஃபோகஸ் வேலையைப் படம் பதிகிற சென்சாரே செய்கிறது, அதனால் அந்த மூக்கு-கண் தகராறுக்கே இடமில்லை. சட்டத்தின் ஓரத்தில் இருந்தாலும் கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டே வரும். ஆள், நாய், பூனை, பறவைக்கு உண்டு, வண்டியையும் அப்படியே தொடரும். அடுத்த விழாவில் எது தேறவில்லை என்று தேடவேண்டியிருந்தது. இதில் ஒரு துன்பமும் உண்டு: நொடிக்கு 12 படம் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து எண்ணூறு படத்தில் எதைக் கழிப்பது என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேடைக்குப் பக்கத்தில் சத்தம் வேண்டாமே என்று முதல் நாள் சைலன்ட் மோடில் வைத்தேன், அதாவது முழு எலக்ட்ரானிக் ஷட்டர். வந்த படத்தில் கம்பு வில் மாதிரி வளைந்திருந்தது. சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதற்குள் கம்பு நகர்ந்துவிடுகிறது. போதாததற்கு எல்இடி விளக்குகளால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் வேறு. பொண்ணு படத்தைப் பார்த்துவிட்டு "என் கம்பு இவ்ளோ கோணலா?" என்றாள். எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கு, அதாவது தொடக்கம் மின்னணுவிலும் முடிவு நிஜத் திரையிலும் நடக்கிற ஷட்டருக்கு, மாற்றியதும் கம்பு நிமிர்ந்தது. ஆர்50-இல் முழு மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1200டி-யில் "டடக்" என்று கண்ணாடி அடிக்கும் சத்தத்துக்குக் கச்சேரியில் முன்வரிசை திரும்பிப் பார்க்கும், ஆனால் எந்தக் கம்பும் வளையாது.

"கத்துக்கிறவனுக்கு டிஎஸ்எல்ஆர்தான் நல்லது" என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1200டி-யின் வ்யூஃபைண்டர் வழியாக எடுத்து, பின்னால் திரையைப் பார்த்து, இருட்டாக இருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு, மாற்றி மறுபடி எடுக்கவேண்டும். ஆர்50-இன் எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் சக்கரத்தைத் திருப்பத் திருப்பப் படம் வெளுப்பதும் கறுப்பதும் கண்ணெதிரேயே தெரியும். எனக்கு ஆறு மாதம் பிடித்தது என் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்துவிட்டது. அப்புறம், 1200டி-யின் வ்யூஃபைண்டர் சட்டத்தின் நீளத்திலும் உயரத்திலும் 95 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வந்து உட்கார்ந்திருப்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

பேட்டரியில் பழையது அடித்துப்போடும். கம்பெனிக் கணக்கே சுமார் 500 படம், சும்மா கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சார்ஜ் பெரிதாகக் கரையாது. ஆர்50 வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் கணக்குப்படி முந்நூறை ஒட்டித்தான், ஏனென்றால் நீங்கள் பார்க்கிற நேரமெல்லாம் அது திரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. வெளியூர் போனால் இன்னொரு பேட்டரி கட்டாயம், அதையும் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

வீடியோவுக்கு ஒப்பீடே வேண்டாம். 1200டி-யில் வெளி மைக் செருகத் துளைகூட இல்லை. குறும்படம் எடுக்கவேண்டும் என்றால் இதற்கு மேல் படிக்காமல் மிரர்லெஸ் பக்கம் போய்விடலாம்.

லென்ஸ் விஷயம் ஒருவழிப்பாதை. பழைய பாடியில் கண்ணாடி எழுந்து இறங்க இடம் வேண்டும், அதனால் லென்ஸ் மவுண்டிலிருந்து (லென்ஸ் மாட்டுகிற வாய்) சென்சாருக்கு 44 மில்லிமீட்டர் தூரம். ஆர்50-இன் ஆர்எஃப் மவுண்டில் 20 போதும். இடையில் லென்ஸ் எதுவும் இல்லாத, மின் இணைப்பு மட்டும் உள்ள 24 மில்லிமீட்டர் அடாப்டர் வளையம் ஒன்றைப் போட்டால், 1987-இலிருந்து வந்த கேனானின் பழைய மவுண்ட் இஎஃப் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு ஆர்50-இல் ஓடும். ஆர்எஃப் லென்ஸை 1200டி-யில் மாட்ட வழியே இல்லை. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் பழைய இஎஃப் லென்ஸ்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. புது மவுண்டில் சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் லென்ஸ்கள் இந்தச் சின்ன சென்சார் கேமராக்களுக்கு வரத் தொடங்கியதே 2024-இல்தான்.

ஃபிளாஷில் நான் மாட்டிக்கொண்டேன். என் பழைய ஃபிளாஷ் புது பாடியில் மாட்டுமா என்று கடையில் கேட்டதற்கு "அதெல்லாம் மாட்டும் சார்" என்றார் கடைக்காரர். மாட்டவில்லை. ஆர்50-இன் ஹாட் ஷூ (ஃபிளாஷ் மாட்டுகிற இடம்) புது மாதிரி, பழைய ஃபிளாஷுக்கு ஏடி-இ1 என்று தனி அடாப்டர் வாங்கவேண்டும். விலை கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளைக் கிளை தெரிந்தால் பூஞ்சை, பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் பையிலேயே வைத்திருந்த லென்ஸுக்கு இது சகஜம். நான் அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்துத்தான் தப்பித்தேன். ஷட்டர் எத்தனை அடித்திருக்கிறது என்பது இந்த மாடலின் படத் தகவலில் வராது, லேப்டாப்பில் மென்பொருள் வைத்துத்தான் பார்க்கவேண்டும். "கம்மியாதான் யூஸ் பண்ணேன் ப்ரோ" என்பதை அப்படியே நம்பாதீர்கள்.

அக்கா மகனுக்கு என்ன சொன்னேன்? முதல் வருடம் ஸ்டில்ஸ்தானே, காசைச் செலவழிக்காதே, என் 1200டி-யையே எடுத்துக்கொண்டு போ, வீடியோ பாடம் வரும்போது மிரர்லெஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். வந்தான். பெட்டியைத் திறந்தவன் பாடியைவிட 50 எம்எம்-ஐத்தான் முதலில் எடுத்துப் பையில் போட்டான், பையன் தேறிவிடுவான். போன வாரம் ஒரு நிச்சயதார்த்தம், மண்டபத்தில் மஞ்சள் விளக்கு, என் கையில் ஆர்50-உம் எஃப் 6.3 கிட் லென்ஸும். மூலையில் நின்று அவனுக்கு போன் போட்டேன்: "டேய், அந்த ஃபிஃப்டியை ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து கொடு."