டர்பனில் சிறுதொழில் நடத்துபவர் எங்கே பழக வேண்டும்? வாராந்தரக் குழு, வர்த்தகச் சபை, கோயில்: ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களிலும் சிறுதொழில் நடத்தும் தமிழர்கள், தொழில் வட்டாரத்தில் பழக்கங்களை வளர்த்துக்கொள்ள மூன்று இடங்களை நாடுகிறார்கள்: வாரந்தோறும் காலையில் கூடும் பரிந்துரைக் குழு, நகரத்து வர்த்தகச் சபை, கோயிலும் அதைச் சார்ந்த தமிழ்ச் சங்கமும். கடையைத் திறப்பது, சரக்கு வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் தாமே செய்பவருக்கு மூன்றிலும் ஒரே சமயத்தில் காலூன்ற நேரம் இருக்காது. மசாலா அரைத்துப் பொட்டலமிட்டு விற்கும் சிறுதொழில் நடத்துபவன் என்ற முறையில் இம்மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன். ஒருவர் நம்மை நம்பிப் பணமோ வேலையோ கொடுப்பதற்கு முன்னால், நாம் எப்படி வேலை செய்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்க அந்த இடம் அவருக்கு வாய்ப்புத் தருகிறதா?

முதலில் பரிந்துரைக் குழு. இவ்வகைக் குழுக்களில் பரவலாக அறியப்பட்டது 1985இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பி.என்.ஐ. ஆகும், தென்னாப்பிரிக்காவிலும் அதற்குக் கிளைகள் உண்டு. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் இருக்கலாம். குழாய் வேலை செய்பவர் ஒருவர் சேர்ந்துவிட்டால் அவருடைய போட்டியாளருக்கு அங்கே இடமில்லை. வாரத்துக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொருவரும் தம் தொழிலைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லி, தமக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களை மற்றவருக்கு அறிமுகப்படுத்துவார்கள். வருகை ஒழுங்கும் உறுப்பினர் கட்டணமும் கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை நிறையாகவே கருதுகிறேன். வாரம் தவறாமல் நேரத்துக்கு வந்து நிற்பவரைப் பற்றி மற்றவர்களுக்குத் தானாகவே ஒரு மதிப்பு உருவாகிறது.

ஆயினும் இந்த முறை எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தாது. கணக்காளர், காப்பீட்டு முகவர், மின்பணியாளர், வீட்டுப் பத்திர வழக்கறிஞர் ஆகியோரின் ஒரு வேலை பெரிய தொகைக்கு உரியது. யாரிடம் போவது என்று மக்கள் பிறரைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல பரிந்துரை கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் திரும்பிவிடும். பொட்டலம் பொட்டலமாக மிளகாய்த்தூள் விற்பவருக்கு அப்படியில்லை. ‘இவரிடம் மசாலா வாங்குங்கள்’ என்று இருபது பேர் பரிந்துரைத்தாலும் அந்த மாத வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியாது. மேலும் பரிந்துரைகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் அறிவிக்கும் இடத்தில், எண்ணிக்கைக்காகவே கொடுக்கப்படும் அரைகுறை அறிமுகங்களும் வந்து சேரும். நண்பரின் வேலைத்தரத்தை அறியாமல் அவரை நம் வாடிக்கையாளரிடம் அனுப்பினால், கெடுவது நம்முடைய பெயர்தான்.

வர்த்தகச் சபையின் கணக்கு வேறு. டர்பன் வர்த்தக, தொழில் சபை 1856இல் நிறுவப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்திறங்கிய 1860ஆம் ஆண்டுக்கும் முந்தையது. இன்று அங்கே துறைமுகம் சார்ந்த பெருநிறுவனங்களும் சிறுதொழில்களும் ஒரே கூரையின் கீழ் உறுப்பினராக இருக்கின்றன. பெருநிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி நம்மைப் போன்றவரிடம் நின்று பேசுவதற்கு நல்லெண்ணம் மட்டுமே காரணமன்று, சட்டமும் ஒரு காரணம். 2003ஆம் ஆண்டின் கறுப்பினப் பொருளாதார வலுவூட்டல் சட்டத்தின் கீழ், யாரிடமிருந்து கொள்முதல் செய்கிறார்கள் என்பதற்கும் சிறு வழங்குநர்களை வளர்த்தெடுப்பதற்கும் அந்நிறுவனங்களுக்கு மதிப்பெண் உண்டு. பொது விதிகளின்படி ஆண்டு விற்பனை 1 கோடி ரேண்டுக்கு உட்பட்ட தொழில், விலக்குப் பெற்ற குறுந்தொழிலாகக் கருதப்படுகிறது. அது முழுவதும் கறுப்பினத்தவர் உடைமையாக இருந்தால் இச்சட்டத்தின் தரவரிசையில் முதல் நிலையும், குறைந்தது 51 விழுக்காடு உடைமை இருந்தால் இரண்டாம் நிலையும் தானாகவே கிடைக்கும். இதற்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. உறுதிமொழிப் பத்திரமே போதும். இச்சட்டம் சொல்லும் ‘கறுப்பினத்தவர்’ என்ற வகைக்குள் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடங்குவர் என்பதைப் பல கடைக்காரர்கள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவருக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எனவே சபைக்குப் போகிறவர் கைகுலுக்கல்களை மட்டும் நம்பிப் போகாமல், அந்தப் பத்திரத்தையும் வரி ஒழுங்குச் சான்றையும் விலைப்பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு. சபைக் கூட்டத்தில் நம் பேச்சை அவர்கள் கேட்கிறார்கள், நம் வேலையை அவர்கள் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியை முதல் சிறு ஆர்டர்தான் நிரப்பும். ஒரு கிளைக்கு ஒரு மாதச் சரக்கு என்று கேட்டு வாங்கி, அதைக் குறித்த நாளில் குறித்த எடையில் கொடுப்பது, பத்து விருந்துகளில் கலந்துகொள்வதைவிட மேலானது. அதோடு, பெரிய வாங்குபவர்கள் பணம் தர 30 நாளோ 60 நாளோ எடுத்துக்கொள்வார்கள். அதைத் தாங்கும் கைமுதல் இல்லாதவர் பெரிய ஆர்டர் பிடித்தால், முதல் தவணையிலேயே மிளகாய் வாங்கிய இடத்தில் கடன்பட்டு நிற்பார். வெகுநாள் பழகிய சரக்குக்காரரின் நம்பிக்கை அங்கே போய்விடும்.

கோயிலைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனெனில் அதன் வலிமையும் ஆபத்தும் நம்மிடையே வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் காட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் பீனிக்ஸிலும் குடியமர்த்தப்பட்டபோது, பழைய அண்டை வீட்டார் ஒருவரையொருவர் மீண்டும் கண்டுகொண்ட இடங்களில் கோயில் முதன்மையானது. தைப்பூசக் காவடிக்கும், ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் திரளும் கூட்டத்துக்குச் சமைப்பது, பந்தல் போடுவது, ஒலிபெருக்கி வைப்பது, தண்ணீர் கொடுப்பது ஆகியவை எல்லாம் சாதாரண வேலைகள் அல்ல. அதிகாலை நான்கு மணிக்கு அரிசி வரும் என்று சொன்னவர் நான்கு மணிக்கு நிற்கிறாரா, கைக்கு வந்த பணத்துக்குக் கணக்குக் கொடுக்கிறாரா, அண்டா கழுவும் நேரத்திலும் இருக்கிறாரா என்பதை அங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். என் கேள்விக்கு மூன்றில் முழுமையாக ‘ஆம்’ என்று சொல்லும் இடம் இதுவே. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டு, சரக்குப் போக்குவரத்து நின்றுபோன நாட்களில், என்னிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டு அழைத்தவர்கள் பெரும்பாலும் இப்படித் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்களே.

ஆனால் அந்த வட்டம் சிறியது. சூலு மொழி (இசிசூலு) பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் நகரில், நம் ஆட்களுக்குள் மட்டும் விற்பவரின் தொழில் ஓர் அளவோடு நின்றுவிடும். இரண்டாவது சிக்கல், அண்ணன், மாமா என்ற உறவுமுறை பணத்தோடு கலப்பது. கோயிலுக்குக் கொடுப்பது உபயமா, விலைக்கா என்பதைச் சரக்கு ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உபயம் என்றால் மனமார உபயம், விலை என்றால் பில். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொள்பவர், பின்னால் அதே கமிட்டியில் வழக்காளியாக உட்கார நேரும். கோயிலில் சந்தித்தவரிடம் அன்றே விசிட்டிங் கார்டு நீட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அவராகக் கேட்கும் நாள் வரும். வராவிட்டாலும் செய்த தொண்டு வீணாவதில்லை.

வாட்ஸ்அப் குழுக்களையும் இவற்றோடு போட்டியிடும் வழியாகச் சிலர் கருதுகிறார்கள். அவை தொடர்பைத் தக்கவைக்க உதவும், தொடங்க உதவுவது அரிது. கூட்டத்தில் வாங்கிய எண்களையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து விளம்பரம் அனுப்புவது பண்புக்குறைவு என்பதோடு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் புறம்பானதாகலாம். நம் வாடிக்கையாளர் அல்லாதவருக்கு மின்னணு விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் ஒருமுறைதான் கேட்கலாம். ‘நீங்கள் தேடிய லேபிள் அச்சகத்தாரின் எண் இது, உங்களைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறேன்’ என்று ஒருவருக்கு மட்டும் எழுதும் இரண்டு வரிக்கு அத்தகைய தடை எதுவுமில்லை, பயனும் மிகுதி.

இனி, தேர்வு. பந்தல் வாடகை, கேட்டரிங், பூ அலங்காரம் செய்பவர்கள் கோயிலில் தொடங்கட்டும். அவர்களுடைய வேலை அங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது. கணக்காளரும் மின்பணியாளரும் பரிந்துரைக் குழுவில் ஓர் ஆண்டு முழுவதும் தவறாமல் போய், அந்த ஆண்டில் வந்த வேலைகளின் தொகையைக் கட்டணத்தோடும் செலவிட்ட காலை நேரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துப் புதுப்பிக்கட்டும். என்னைப் போல் பொருள் தயாரித்துப் பிற கடைகளுக்குக் கொடுப்பவர்கள், பத்திரங்கள் ஒழுங்காகி, இரண்டு மாதம் பணம் வராவிட்டாலும் சரக்கு வாங்கும் கைமுதல் சேர்ந்த பிறகு சபையில் சேரலாம். அதுவரை, தமக்கு மிளகாயும் மல்லியும் தருபவருக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுத்து வருவதே அவர்கள் செய்யக்கூடிய தொழிற்பழக்கம். புதிய வாங்குபவர் விசாரிக்கத் தொடங்கினால், முதலில் அந்தச் சரக்குக்காரரைத்தான் கேட்பார்.